கால்குலேட்டர் வாங்க வந்த அம்மா

எங்கள் தீவில் ஜங்லிகாட் பகுதியில் இருக்கும் என் ஸ்டேஷனரி கடைக்கு ஒரு மதியம் மகளோடு வந்தார் அந்த அம்மா. நல்ல உயரம். இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு பழைய தழும்பு ஓடியது. மகளுக்கு மெயின்லேண்டில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. நான் காட்டிய ஒவ்வொரு கால்குலேட்டரிலும் எல்லாப் பொத்தான்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த பிறகே மகளிடம் கொடுத்தார்.

"புரோகிராம் போடுற மாடலை எக்ஸாம் ஹால்ல விடமாட்டாங்கம்மா" என்று வேறொன்றை எடுத்து வைத்தேன். அப்போதுதான் அவருடைய கணவர் குடித்துவிட்டு உள்ளே வந்தார்.

"படிப்பெல்லாம் பந்த். எவளும் கப்பல் ஏறக்கூடாது."

சொல்லிக்கொண்டே மகளின் தலைமுடியைப் பிடித்துக் கண்ணாடி மேஜையில் மோதினார். கண்ணாடி உடைந்தது. பெண்ணின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. நான் கல்லாவைச் சுற்றி வருவதற்குள், அந்த அம்மா சுவரில் சாய்த்திருந்த ஷட்டர் கம்பியை எடுத்துக் கணவரின் கையில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடியும் அடித்தார். அந்த ஆள் தரையில் சுருண்டு விழுந்த பிறகே கம்பியைக் கீழே வைத்தார்.

முந்தானையால் மகளின் நெற்றியை அழுத்திக்கொண்டே, நான் எடுத்து வைத்த கால்குலேட்டரைக் காட்டி, என்னை இந்தியில் அண்ணா என்று அழைத்துக் கேட்டார்.

"பையா, இதுல மேட்ரிக்ஸ் வருமா?"

"வரும்மா."

"டீக் ஹே. இதையே குடுங்க."

பிறகு ஓர் ஆட்டோவை நிறுத்தி, மகளோடு கணவரையும் அவரே ஏற்றி, தானும் ஏறிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அந்த முறிந்த கை வழியில் குலுங்கி வலிக்காதபடி அதைத் தன் மடியில் ஏந்திக்கொண்டார். அதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.