சத்தம் போடாத ஃபேன்

என் கம்ப்யூட்டரின் மதர்போர்டில், சிப்செட் சூடாகாமல் இருக்க வைத்திருந்த குட்டி ஃபேன் ஒரு மாதமாகக் கிரைண்டர் மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

இன்று காலை பட்டாபிராமில் ஒரு கடையில் அதற்குப் பதிலாகப் புது கூலர் ஃபேன் வாங்கினேன்.

"மாட்டிப் பாரு நைனா, ஓடுதா இல்லையான்னே தெரியாது" என்றார் கடைக்காரர்.

மாட்டினேன். உண்மைதான், மூச்சுகூட விடவில்லை. நிம்மதியாக வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மனைவி கையில் பையோடு வந்தாள்.

"சும்மாதானே குந்திகினு கீற? போய் கொத்தமல்லி வாங்கினு வா."

"வேலைலதான்டி கீறேன்!"

"யாராண்ட கதை உடுற? நீ வேலை செஞ்சா ஊடே அதிரும். இப்ப சத்தமே காணோம்."

இதை மார்க்கெட்டில் நின்று எழுதுகிறேன். மீட்டிங் காதில் ஓடுகிறது.

நன்றாகக் கத்தும் பழைய ஃபேன் யாரிடமாவது இருந்தால் உடனே சொல்லுங்கள். அடுத்து இட்லி மாவு அரைக்கச் சொல்வாள்.