கறிச்சட்டியில் வெந்த கார்பரேட்டர்

எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் அத்தையைப் பற்றிப் பேச்சு வந்தால் 'ஓடிப்போனவ' என்றுதான் சொல்வார்கள். நான் அந்த இடத்தில் இருந்தால் திருத்தாமல் விடுவதில்லை. ஓடவில்லை, மோட்டார் சைக்கிளில் போனாள். அதுவும் பட்டப்பகலில், நடுத்தெருவில். அந்த வண்டியைக் கிளப்பியதில் என் பங்கும் உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அத்தை என் நைனாவின் தங்கை. மாமா காய்ச்சலில் செத்துப்போன பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடும் மாமாவின் பழைய மோட்டார் சைக்கிளோடும் செஞ்சிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். வண்டி மாட்டுக்கொட்டகைக்குப் போனது. இரண்டு வருஷம் கோழிகள் அதன்மேல் உட்கார்ந்து எச்சமிட்டன.

நைனா செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பஸ்களுக்கு நேரம் குறிப்பது போலவே வீட்டில் இருப்பவர்களுக்கும் குறிப்பார். அந்த வருஷம் அத்தைக்கு மறுகல்யாணம் குறித்தார். அவலூர்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் ஈஸ்டர் முடிந்த வாரம் என்று பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த வண்டியும் கூட வரவேண்டும்.

அத்தை கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வண்டியைப் பற்றி மட்டும் பேசினாள்.

"அது எங்க வூட்டுக்காரரு வண்டிண்ணா. நான் குடுக்க மாட்டேன்."

"ஓடாத வண்டிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"ஓட வச்சிட்டா?"

நைனா சிரித்தார். செஞ்சி மெக்கானிக் பார்த்துக் கைவிட்ட வண்டி அது. கார்பரேட்டருக்குள் ஜெட் இறுகிப்போய்விட்டது, முழுசாக மாற்றவேண்டும், மெட்ராஸில்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தத் தைரியத்தில் நைனா, "ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறுக்குள்ள ஓட வச்சிடு. வண்டி உன்னுது, நான் குறுக்க வர மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஜெட் என்பது பெட்ரோல் போகிற சின்னப் பித்தளைத் திருகு. தலையில் ஒரு கீறல், நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. ஓட்டை அடைத்துக்கொண்டால் வண்டிக்குத் தொண்டை அடைத்த மாதிரி. கழற்றிச் சுத்தம் செய்தால் போதும், ஆனால் கழலவேண்டுமே. மெக்கானிக் பொருந்தாத ஸ்குரூடிரைவரைப் போட்டுத் திருகித் திருகிக் கீறலைப் பாதி தின்றுவைத்திருந்தார். இன்னும் இரண்டு தரம் வழுக்கினால் கீறலே மிஞ்சாது.

அத்தை அவசரப்படவில்லை. மாமா வண்டியைப் பிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், அவரிடமே ஓட்டவும் பழகியவள் அவள். கார்பரேட்டரை மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். ஸ்குரூடிரைவரின் முனையைத் துணி துவைக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கீறலில் ஆடாமல் உட்காரும்படி செய்தாள். அப்போதும் ஜெட் அசையவில்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சுற்றியிருக்கிற உலோகம் விரியும், பித்தளை அவ்வளவு விரியாது, பிடி விட்டுவிடும் என்றாள்.

மண்ணெண்ணெய் நாறுகிற சாமானைச் சோற்றுக் குண்டானில் போட முடியுமா? வீட்டில் சும்மா இருந்தது ஒரே பாத்திரம், கறிச்சட்டி. தவக்காலம் முழுக்க வீட்டில் கறி கிடையாது; அது தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாளே சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிடுவார்கள். ஈஸ்டர் அன்றைக்குத்தான் இறங்கும். அதை அம்மாவே ஏறி எடுத்துக் கொடுத்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. அத்தை வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போகிற சனம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். தவக்கால வெள்ளியில் ஒரு விதவை கறிச்சட்டியை அடுப்பில் ஏற்றியிருப்பதைப் பார்த்துக் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. உபதேசியார் முன்னால் வந்தார். சாமியார் ஊரில் இல்லாத நாட்களில் கோயிலுக்கு எல்லாம் அவர்தான்.

"இன்னாம்மா இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"கறிதான் உபதேசியாரே. கொஞ்சம் முத்துன கறி, வேகவே மாட்டேங்குது. நீங்க வேணும்னா பதம் பாருங்க" என்று சொல்லி, அத்தை கரண்டியால் கார்பரேட்டரைத் தூக்கிக் காட்டினாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை. "இருந்தாலும் அது கறிச்சட்டி" என்றார்.

"மனுசங்கதான் தவசு இருக்கணும்னு நெனைச்சேன். சட்டியும் இருக்கணுமா? ஆறிடும், தள்ளி நில்லுங்க."

அத்தை கார்பரேட்டரைச் சாக்கில் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஸ்குரூடிரைவரைக் கீறலில் நேராக நிறுத்திப் பிடித்தது நான். மரக்கட்டையால் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினாள். முதலில் இறுக்குகிற பக்கம் கொஞ்சூண்டு திருப்பி, பிறகு கழற்றுகிற பக்கம் திருப்பினாள். விரல் சொடுக்கினதுபோல ஒரு சத்தம். ஜெட் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. சுட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால் நான் அதைக் கீழே போடவில்லை. அன்று எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை.

கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும் என்று அத்தை சொன்னதால், எருதின் வாலில் மயிர் பிடுங்கி வந்தேன். உதையும் வாங்கி வந்தேன். அந்த மயிரை நுழைத்து அழுக்கை எடுத்தாள். சனிக்கிழமை எல்லாவற்றையும் பூட்டி, முட்டி வீங்கும்வரை உதைத்து உதைத்து, வண்டியை உறுமவைத்துவிட்டாள். நைனா வாசலிலேயே நின்று கேட்டார். முகம் கறுத்துப்போயிருந்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கவில்லை, அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

மறுநாள் பூசை முடிந்து சனம் குருத்தோலையும் கையுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அத்தை டிரங்குப் பெட்டியை வண்டியின் பின்னால் கட்டி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செஞ்சியிலிருந்து கிளம்பும் எந்த பஸ்ஸும் நைனாவிடம் கையெழுத்து வாங்காமல் கிளம்பாது. எனக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. ஜெயித்துவிட்டோம், அத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அத்த, வரும்போது வளையல் வாங்கினு வா."

"இன்னா கலரு?"

"பச்ச."

என் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்விட்டாள். ஈஸ்டருக்கு வரவில்லை. தெற்கே ஏதோ மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி மட்டும் வந்தது.

ஆறு மாதம் கழித்துப் பஞ்சு சுற்றின அட்டைப்பெட்டி ஒன்று என் பெயருக்குத் தபாலில் வந்தது. உள்ளே பச்சைக் கண்ணாடி வளையல்கள். ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் பெரிய பெண்கள் போடுகிற அளவு, கையை இறக்கினால் நழுவி விழுந்தன. அதற்குள் அத்தைக்கு என் அளவு மறந்துபோய்விட்டது என்று அன்றைக்கு முழுக்க அழுதேன். அவை நழுவாமல் நிற்கிற அளவுக்கு என் கை வளர்ந்த பிறகுதான், எந்தக் கைக்கு அனுப்பினாள் என்று புரிந்தது.