நினைவுச் சுவரும் இஸ்திரியக்காவும்

உடைத்தாளாமே! எங்கே உடைத்தாள், யார் பார்த்தது? கல்லில் ஒரு கீறல் உண்டா, ஒரு மூலை உதிர்ந்ததா? கழற்றினாள், அவ்வளவுதான். அதுவும் சாந்து இறுகுவதற்கு முன்னால், கொத்துக்கரண்டியை ஓரத்தில் கொடுத்து, தூங்குகிற குழந்தையின் தலையைத் தோளிலிருந்து எடுப்பது போலப் பதமாகக் கழற்றினாள். செத்த வீரர்களின் சுவரில் கை வைத்துவிட்டாள், அவளுக்குப் புத்தி பேதலித்துப் போயிற்று என்று குழாயடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் வாய் வலிக்கப் பேசுகிறவர்கள், அந்தச் சுவருக்கு அவள் சுமந்த தண்ணீரில் பாதியையாவது சுமந்துவிட்டுப் பேசட்டும்.

இஸ்திரியக்கா என்பதுதான் தெருவில் அவளுக்கு வழங்குகிற பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. பகலெல்லாம் ஆவியில் வெந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுமுன் வாசலில் நின்று தெருமுனையைப் பார்ப்பாள். ஒரே மகன். பட்டாளத்தில் சேர்ந்து அந்த முனை வழியாகத்தான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். எல்லையில் சண்டை நடந்த மழைக்காலத்தில் ஓர் ஆற்றைக் கடக்கச் சொன்னார்களாம். கரை ஏறியவர்களில் அவன் இல்லை. எடுத்த உடல்களிலும் அவன் இல்லை. பட்டாளத்துக்காரர்கள் வீடு தேடி வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “காணவில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காணவில்லை என்றால் காணவில்லை. அதற்கு மேல் ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ அவள் யாரையும் விடவில்லை.

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரியின் மகனும் அவனும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அந்தப் பையன் பெட்டியில் வந்தான்.

நினைவுச் சுவர் கட்டும் யோசனை ஓய்வு பெற்ற தபால்காரருடையது. மேலிடத்தில் இருப்பவர்கள் கட்டுவார்கள், கட்டுவார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், நாமே கட்டுவோம் என்று தெருமுனையில் குப்பை கிடந்த இடத்தைத் துப்புரவு செய்தார். ஞாயிறுதோறும் தெருக்காரர்கள் கூடினார்கள். கொத்தனார் யார் என்றால், இஸ்திரியக்காவின் கணவர்தான். மற்றவர்களுக்குச் செங்கல்லின் தலை எது கால் எது என்று தெரியாது.

“தபால்காரரே, கதவிடுக்குல கடுதாசி போடுற மாதிரி செருகிட்டு ஓடாதீங்க. நின்னு அமுக்கி வைங்க” என்பார் கொத்தனார்.

“நாய் துரத்துற பழக்கம்பா, கை நிக்க மாட்டேங்குது” என்பார் தபால்காரர்.

ஆறு நாள் இஸ்திரிப் பெட்டியோடு மாரடித்தவளுக்கு ஏழாவது நாளும் ஓய்வில்லை. சாந்துக்குத் தண்ணீர் சுமந்தாள். அது மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கான சுவர் என்றுதான் நினைத்தாள். பிள்ளையை இழந்தவர்களுக்கு நம்மால் முடிந்தது இதுதானே என்று, இடுப்பு விட்டுப்போகிற வலியோடு சுமந்தாள்.

பெயர்க்கல் பதிக்கும் நேரம் வந்ததும் தபால்காரருக்குத் தலைவலி வந்தது. ‘இறந்த வீரர்’ என்று வெட்டினால் இஸ்திரியக்கா தாங்கமாட்டாள். ‘காணாமல் போன’ என்று வெட்டினால் மற்ற தாய்மார் தாங்கமாட்டார்கள். அவள் மகனை விட்டுவிடவும் மனமில்லை. யோசித்து யோசித்து ‘மறைந்த வீரர்’ என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார். செத்தவனும் மறைந்தவன், கண்ணுக்குத் தெரியாதவனும் மறைந்தவன், ஒரே சொல்லில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. கொத்தனாரிடம் மட்டும் சொன்னார். கொத்தனார் தலையாட்டினார். வீட்டில் மூச்சு விடவில்லை.

புதிதாகப் பதித்த கல்லுக்கு மேலே சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாந்து வெடித்துப் போகும். நனைப்பது இஸ்திரியக்காவின் பொறுப்பு. அன்று காலை கொத்தனார், “சாக்கைத் தூக்காத, மேலயே ஊத்து. காத்துப் பட்டா வெடிச்சிடும்” என்றார். அவளும் தூக்குகிற எண்ணத்தில் போகவில்லை. ஆனால் ஓரத்துச் சாக்கு ஒன்று கோணலாகத் தொங்கியது. கோணலாகக் கிடக்கிற துணியைக் கண்டும் காணாமல் போக அவள் கைக்குத் தெரியாது. நேராக்கத் தூக்கினாள். கீழே மகன் பெயர் இருந்தது.

வீட்டுக்கு வந்து கல்லை இஸ்திரி மேசையில் வைத்தபோது கொத்தனார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“யாரு வச்சது இது?”

கொத்தனார் குவளையைக் கீழே வைத்தார். “நான்தான்.”

“அவன் செத்துட்டான்னு உங்ககிட்ட யாரு வந்து சொன்னா?”

“செத்தான்னு எங்கடி இருக்கு? மறைந்தன்னுதானே போட்டிருக்கு. சூரியன் மறையுதுன்னு சொல்றோம், மறுநாள் வரலையா?”

“சூரியனுக்கு யாரும் கல்லு பதிக்கல. செவுத்துல ஒட்டுற அஞ்சலி போஸ்டர்ல எல்லாம் இதே வார்த்தைதான் இருக்கு. என்னை என்ன கூறு கெட்டவளுன்னு நெனச்சீங்களா?”

கொத்தனார் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “என்னால முடியலடி. கதவைத் தட்டுற சத்தம் கேட்டாலே நெஞ்சு எகிறுது. எகிறி எகிறி ஓஞ்சு போச்சு. போய் உக்கார எனக்கு ஒரு இடம் வேணும். அழுதா ஏன்னு யாரும் கேக்காத இடம்.”

மகன் விஷயத்தில் அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. எங்கே போய் அழுதாரோ.

சாயங்காலம் தபால்காரர் வந்தார், கூடவே மருந்துக்கடைக்காரி. “தங்கச்சி, உனக்காகத்தான் அந்த வார்த்தையத் தேடிப் பிடிச்சேன்” என்றார் அவர்.

“தேடுறதுன்னு கிளம்புனவரு என் பிள்ளையத் தேடியிருக்கலாமே அண்ணே. வார்த்தைய எதுக்குத் தேடுனீங்க?”

மருந்துக்கடைக்காரி முன்னால் வந்தாள்.

“என் பையன் பேருக்குப் பக்கத்துல பல்லு விழுந்த மாதிரி ஒரு குழி இருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனாங்க? உனக்கு மட்டும் என்னக்கா சலுகை? நம்பாம இருக்க எனக்கும் ஆசைதான். பெட்டியத் திறந்து காட்டிட்டானுங்களே!”

இஸ்திரியக்கா எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினாள். அவள் குடிக்காமலே போனாள். உடைத்துவிட்டாள் என்ற பேச்சு மறுநாள் அந்தக் கடையிலிருந்துதான் கிளம்பியது. அவளையும் எப்படிக் குறை சொல்வது?

திறப்பு விழாவன்று காலை, இஸ்திரியக்கா கணவரின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டினாள். கல்லில் ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“கொண்டுபோய் வைங்க.”

“நெசமாவா சொல்ற?”

“இடம் வேணும்னு கேட்டீங்கள்ல? போய் உக்காருங்க. உங்களை வேண்டாம்னு சொல்ல நான் யாரு? அவன் உங்களுக்கும் பிள்ளைதான்.”

அப்போதுதான் கொத்தனார் கதவோரம் இருந்த பையைப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“சலவைக்கூடத்துக்கு மேல வேலைக்காரங்க தங்குற ரூம் காலியா இருக்கு. கேட்டு வச்சுட்டேன்.”

“ஒரு கல்லுக்காகவா என்னை விட்டுட்டுப் போற?”

“வாசல்ல நின்னா அவன் வர்ற வழி தெரியும். அதைப் பாத்துதான் இத்தனை காலம் ஓட்டுனேன். இனிமே அங்க அவன் பேருல்ல தெரியும்? தெனமும் ரெண்டையும் சேத்துப் பாக்க என்னால ஆகாதுங்க.”

“கோவமா?”

“கோவப்படத் தெம்பிருந்தா இருந்து சண்டை போடமாட்டேனா?”

கொத்தனாருக்குச் சிரிப்பு வருகிற மாதிரி முகம் கோணியது, வரவில்லை. கல்லை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பையை எடுத்தாள்.

“அவன் இங்கதான் வருவான். வந்தா எங்கிட்ட அனுப்புங்க.”

மகன் பெயரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர், “அனுப்பறேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “வயித்துக்குப் போட்டுட்டுத்தான் அனுப்புவேன். பசியோட வருவான்” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். ஒலிபெருக்கிச் சத்தம் தெருமுனையில் தொடங்கியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, எதிர்ப்பக்கம் திரும்பி, சுற்றுவழியாகப் பேருந்துக்கு நடந்தாள்.