ரத்தம் குடித்த ராஜாவும் என் தங்கைக்கு வந்த மாப்பிள்ளையும்

சந்தேகம் என் கூடப் பிறந்தது. பால்காரர் ஊற்றும் பாலை முகர்ந்து பார்க்காமல் வாங்கமாட்டேன். அப்படிப்பட்டவனிடம் ஒரு தரகர் வந்து, "டிராம்பேல வேலை, வெள்ளைக்கார இஞ்சினியர்மாரு கூடவே இங்கிலீஷ் பேசுத மாப்பிள்ளை" என்றால் விடுவேனா? அறுபதுகளின் நடுவில் பம்பாய்த் தாராவியில் யார்தான் இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லிக்கொள்ளவில்லை! அப்பா இல்லாத வீடு. தங்கையை ஒரு புளுகனிடம் கொடுத்துவிடக்கூடாது என்ற பயம் எனக்கு.

எனக்கோ இங்கிலீஷ் ஒரு அட்சரம் தெரியாது. அதனால் மாப்பிள்ளையின் இங்கிலீஷைச் சோதிக்க ஒரு வழி செய்தேன். எங்கள் தோல் கிடங்கில் கடிதங்கள் டைப் செய்ய மாட்டுங்காவிலிருந்து வரும் குமாஸ்தாவை ஞாயிறு காலைக் காட்சிக்கு ஓர் இங்கிலீஷ் பேய்ப் படத்துக்கு அழைத்துப் போனேன். பழைய காலத்து ராஜா ஒருவன். எதிரிகள் கோட்டையை வளைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் தீர்ந்துபோய், செத்த வீரனின் ரத்தத்தைக் குடித்துத் தப்பிக்கிறான். அதற்குப் பிறகு அவனுக்கு வேறு எதுவும் இறங்குவதில்லை. கடைசியில் ராணி அவனோடு வெகுநேரம் அழுது பேசிவிட்டு, நிலவறையில் அவனை வைத்துப் பூட்டி, சாவியைக் கிணற்றில் எறிகிறாள்.

"என்ன பேசினாங்க?" என்று கேட்டேன்.

"வஞ்சகி ஓய். எதிரியோட சேர்ந்துண்டு ஏமாத்திப் பூட்டறா. அழறதெல்லாம் நடிப்பு" என்றார் குமாஸ்தா.

அடுத்த ஞாயிறு அதே படத்துக்கு மாப்பிள்ளையை அழைத்துப் போனேன். பிறகு வீட்டுக்குக் கூட்டி வந்து டீ கொடுத்து, கதையைச் சொல்லச் சொன்னேன். அறையை இரண்டாகத் தடுத்த சேலைக்குப் பின்னால் தங்கை இருந்தாள்.

"ராஜாதான் அண்ணாச்சி, பூட்டச் சொல்லிக் கெஞ்சுதான். 'இல்லேன்னா ஒருநாள் உன்னையே கடிச்சிருவேன்'ங்கான். அவ மாட்டேன்னு அழுதா" என்றார் அவர். சொல்லும்போது குரல் கம்மியது. அதுவும் எனக்கு நடிப்பாகவே பட்டது.

பொய்யனுக்குப் பெண் கிடையாது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினேன். தங்கை ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, இன்னொரு இங்கிலீஷ் படத்துக்குப் போகலாமா என்று குமாஸ்தாவைக் கேட்டேன். "வேண்டாம் ஓய். எனக்கு லெட்டர் இங்கிலீஷ்தான் வரும். அவா வாய்க்குள்ள மெல்லறது எவனுக்குப் புரியறது? அன்னிக்கே படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாத்தான் சொன்னேன்" என்று சிரித்தார்.

அன்றே டிராம்பேக்குப் பஸ் ஏறினேன். நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மாப்பிள்ளை டீ வாங்கிக் கொடுத்தார்.

"நல்ல பொண்ணுதான் அண்ணாச்சி. ஆனா நாளைக்கு நான் தலைவலின்னாலும் நீங்க டாக்டர்ட்ட போயி விசாரிப்பிய. நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துவராது" என்றார்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அவரு சொன்னதுதான் நெசம்னு அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "எல்லார்ட்டயும் விசாரிச்சியே அண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"