தோடி அறுந்த இடம்

கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு ஞானம்பாள் மாமிக்கு ஓர் இடத்தில் உட்காரவே தெரியாது. குக்கரை ஏற்றிவிட்டு டேப் ரிக்கார்டரிடம் ஓடுவார், வாசலுக்கு வருவார், மறுபடி டேப். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கம் கோயில் கச்சேரிகளில் பாடுகிறவர். சின்ன வயதில் கொஞ்சம் பாட்டு வகுப்பு, மற்றதெல்லாம் கேசட்டில் கேட்டுக் கற்றதுதான்.

அலமாரி நிறைய கேசட் இருந்தாலும் மாமிக்கு உயிர் இரண்டில்தான். ஒன்று, வயதான ஒரு பாடகி பாடிய சஹானா ராகம். குரல் கரகரக்கும், ஆனால் அவசரமே படமாட்டார். "என் படபடப்புக்கு மருந்துடி" என்பார் மாமி. மருந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, 1993-ல் ரேடியோவிலிருந்து பதிந்த தோடி ராகம். ஒரு பெரியவர் ஆலாபனையை மேல் காந்தாரம் வரை ஏற்றி, அங்கே நிற்பார். டக்கென்று ஏ பக்கம் முடிந்துவிடும். பி பக்கம் வயலினில்தான் தொடங்கும். பதிந்த அன்று மாமி ஊரில் இல்லை. கேசட்டைத் திருப்ப வேண்டிய அவர் கணவர் ஜானகிராமன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக மனிதர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பெரியவரைப் போலவே மாமியும் ஏறுவார். எனக்கே புல்லரிக்கும். ஆனால் காந்தாரத்திலிருந்து இறங்கும் வழி அவருக்குத் தெரியாது. தானாக எப்படி இறங்கினாலும் தப்பாகிவிடும் என்று பயம். அதனால் மேடையில் தோடியே பாடுவதில்லை. யாராவது கேட்டால் கணவரைக் காட்டி, "மிச்சத்தை இவர் முழுங்கிட்டார்" என்பார்.

2005-ல் செங்கல்பட்டில் ஒரு கச்சேரி வந்தது. தோடிதான் பாட வேண்டும் என்றார்கள். ஏதோ வேகத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, மாமி சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. சிறுசேரியில் வேலை பார்த்த மகன் ஷ்யாம் யார் யாரையோ விசாரித்து, அந்த ரேடியோ கச்சேரியின் முழுப் பதிவை சிடியில் கொண்டுவந்தான். வந்து சேர்ந்தது கச்சேரி அன்று காலையில்.

என்னையும் கூப்பிட்டார்கள். காந்தாரம் வந்தது. மாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் இருமினார். தண்ணீர் குடித்தார். பிறகு வயலின்காரரிடம், "நீ இறக்கிடுப்பா" என்றார். அவ்வளவுதான். வயலின் தொடங்கிவிட்டது.

"பன்னெண்டு வருஷமா திட்டு வாங்கினேனே! நான் ஒண்ணையும் முழுங்கலியே!" என்று ஜானகிராமன் குதித்தார்.

நான் சிரித்துவிட்டேன். "இன்னா மாமி, இதுக்கா இவ்ளோ பேஜாரு?"

மாமி சிரிக்கவில்லை. "அப்போ சாயங்காலம் நான்தான் இறங்கணுமா?" என்றார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

சாயங்காலம் கச்சேரியில் காந்தாரம் வரை ஏறினார், நின்றார். வயலின்காரர் நிமிர்ந்து பார்த்தார். மாமி கண்ணை மூடிக்கொண்டு, ஓர் இடத்தில் தடுக்கி, ஓர் இடத்தில் தேங்கி, கீழ் ஷட்ஜத்துக்கு வந்து சேர்ந்தார். யாரோ "பேஷ்" என்றார்கள்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்?"