கருந்தும்பி மறுபடி வந்த நாள்

புதுச்சேரியில் சினிமா பார்க்கிற இளசுகளில் பாதிப் பேருக்குத் தெய்வசிகாமணியின் பெயர் தெரியாது, முகம் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ‘கருந்தும்பி’ என்கிற சூப்பர் ஹீரோ படத்தின் முதல் பாகம் வந்தபோது தியேட்டர் வாசலில் அவன் அடித்த கூத்து அப்படி. முதலியார்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் அவன் சிநேகிதன் அருள்முருகன், புதுசாக ஆரம்பித்த யூடியூப் சேனலுக்காக அதைப் படம் பிடித்தான். படம் எப்படி என்று கேட்டதற்குச் சிகாமணி பதிலே சொல்லவில்லை. ரெண்டு கையையும் விரித்துத் தும்பி மாதிரி கத்திக்கொண்டே வாசலைச் சுற்றி ஓடினான். டிக்கெட் கிழிக்கிறவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். கடைசியில் அருள்முருகனையே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கேமரா தலைகீழாக ஆடி, வானத்தைக் காட்டி நின்றது.

அந்த வீடியோவை ஊரே பார்த்தது. சிகாமணிக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. ஏதாவது ஓட்டலில் கதவைக் கழற்றிக்கொண்டிருப்பான்; போகிற வருகிற பையன்கள் உற்றுப் பார்த்துவிட்டு, “அண்ணா, நீங்க தும்பி அண்ணாதானே?” என்பார்கள். சிரித்துத் தலையாட்டுவான்.

வீடியோவின் ஓரத்தில் மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அது பூவிழி. அப்போதுதான் இருவருக்கும் நிச்சயம் ஆகியிருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு மூலக்குளத்தில் வாடகை வீடு எடுத்தார்கள். முதல் கரு ஐந்தாம் மாசத்தில் போய்விட்டது. அடுத்தது ஏழாம் மாசத்திலேயே பிறந்து, ஒரே ஒரு நாள் இருந்தது. ஆண் குழந்தை. அதற்கப்புறம் வீட்டில் சண்டை ஒன்றும் கிடையாது. டிவி ஓடும், ரெண்டு பேரும் பார்ப்பார்கள். ஒருநாள் பூவிழி, “அம்மா வீட்ல பத்து நாள் இருந்துட்டு வரேன்” என்று பையை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பம் போனாள். மாசங்கள் ஆகிவிட்டன. “சாப்டியா?” என்று இவன் போனில் கேட்பான். “சாப்டேன், நீங்க?” என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

வருத்தமாக இருக்கிறது என்று சொல்லக்கூட அவனுக்கு வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் தன்னுடையதுதான் என்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டாம் பாகம் வந்தது. ஊரே அமளிப்பட்டது. பஸ்ஸின் முதுகில் கருந்தும்பி, பிரியாணிக் கடையில் தும்பி காம்போ. அருள்முருகன் தினம் போன் போட்டான். “மொத நாள் மொத ஷோ. உன் மூஞ்சிதான்டா நம்ம சேனலு. ரஃபாயேலும் வக்கான்ஸ்ல வந்துருக்கான். மூணு பேரும் போறோம், பேசாம வா.” ரஃபாயேல் இவர்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் பிரான்சில் வேலைக்குப் போனவன், லீவில் வந்திருந்தான். மறுக்கத் தெம்பில்லாமல் சிகாமணி சரி என்றான்.

காலைக் காட்சி. தியேட்டர் வாசலில் பாலாபிஷேகம், பறைச் சத்தம். வரிசையில் நிற்கும்போது ரஃபாயேல் சாதாரணமாகக் கேட்டான். “பூவிழி எங்கடா? அது இல்லாம நீ படத்துக்கு வரமாட்டியே.”

“அம்மா வீட்ல இருக்குது.”

“எப்ப வருது?”

அருள்முருகன் குனிந்து போனை நோண்டினான். “தெரியல” என்றான் சிகாமணி. ரஃபாயேல் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

கருந்தும்பி திரையில் கால் வைத்ததும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சத்தம். காகிதம் பறந்தது. எதிரி ஒரு நகரத்தையே நொறுக்கினான், தும்பியின் இறக்கையைப் பிடுங்கி எறிந்தான். முன்வரிசையில் ஒருவன் தேம்பினான். சிகாமணி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எல்லோரும் கை தட்டியபோது அவனும் தட்டினான். உள்ளங்கை எரிந்தது. அது மட்டும் தெரிந்தது.

இடைவேளையில் டீ வாங்க வெளியே வந்தான். பாத்ரூம் பக்கத்துச் சுவரோரம் பூவிழி நின்றிருந்தாள். கையில் ஒரு பப்ஸ், கடிக்காமலே. இளைத்திருந்தாள். இவனைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

“நீங்க வருவீங்கன்னு தெரியும்” என்றாள். “அண்ணன் பசங்க இழுத்துட்டு வந்துடுச்சுங்க.”

“படம் எப்படி இருக்குது?”

“எல்லாரும் கத்துறாங்க. நல்லா இருக்குதுபோல.”

“ஆமா.”

ஒரு கூட்டம் பாப்கார்னோடு இடித்துக்கொண்டு போனது. இருவரும் சுவரோடு ஒதுங்கினார்கள்.

“உங்களுக்குப் பின்னால ரொம்ப தூரத்துல உக்காந்திருந்தேன்” என்றாள். “அவ்வளவு சத்தத்துலயும் உங்க சத்தம் வருதான்னு கேட்டுட்டே இருந்தேன். வரலை.”

“வரல பூவு.”

அவள் பப்ஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். “எனக்கு அழுகை வரலைங்க. அன்னிலேர்ந்து ஒரு சொட்டு வரலை. அழுதுட்டா சரியாயிடும்னு அம்மா சொல்லுது, பக்கத்து வீட்ல சொல்றாங்க. வரமாட்டேங்குது. நீங்க தனியா அழுவீங்க, நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கறத நீங்க பாக்க வேண்டியிருக்கும். அதான் போயிட்டேன்.”

“நானும் அழல.”

“நெசமாவா?”

“உன்னப் பாக்க வெக்கமா இருந்துது. பெத்தவன் அழாம இருக்கானேன்னு நீ நெனப்பியோன்னு.”

பூவிழி அப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். மணி அடித்தது, கூட்டம் உள்ளே பாய்ந்தது. அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

படம் விட்டதும் வாசலில் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். “தும்பி அண்ணா, தும்பி அண்ணா.” அருள்முருகன் மைக்கை நீட்டினான். “சொல்லுடா, எப்படி இருந்துச்சு?”

“தெரியலடா.”

எல்லோரும் சிரித்தார்கள். நடிக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். “சும்மா ஒரு வாட்டி கத்து, மத்தத எடிட்ல பாத்துக்கறேன்” என்று அருள்முருகன் கிசுகிசுத்தான். சிகாமணி கையை விரித்தான். விரித்த கை அப்படியே நின்றது. அதை எப்படி இறக்குவது என்று யோசிக்கிறவன் போல இருந்தான். சிரிப்பு மெல்ல அடங்கியது.

ரஃபாயேல் வந்து, அருள்முருகன் படம் பிடித்துக்கொண்டிருந்த போன் மேல் உள்ளங்கையை வைத்தான். “போதும் அருள். நிறுத்து.”

கூட்டம் கலைந்ததும் மூவரும் பைக் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள். அருள்முருகன் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டே பேசினான். “எனக்குத் தெரியும்டா. ஆஸ்பத்திரிக்கு நான்தானே வண்டி ஓட்டிட்டு வந்தேன். அப்புறம் கேக்கல. கேட்டா இன்னா பேசறதுன்னு தெரியல. இந்தப் படம் வந்தா நீ பழைய மாதிரி ஆயிடுவேன்னு நெனச்சேன்.”

“பரவால்லடா” என்றான் சிகாமணி. அவனுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ரஃபாயேல் அவன் தோளில் கை போட்டபடி நின்றான்.

பூவிழி வந்தாள். அண்ணன் பிள்ளைகளை, கூட்டிப்போக வந்த அண்ணனோடு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். “என்னை அரியாங்குப்பத்துல எறக்கி விடுறீங்களா?”

உச்சி வெயிலில் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தது. முன்னால் ஒரு மணல் லாரி. ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாடை வந்தது. பூவிழி அவன் தோளைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்திருந்தாள். பாலம் முடிகிற இடத்தில் கேட்டாள்.

“அவனுக்குப் பேரு எதனா மனசுல வெச்சிருந்தீங்களா?”

“வெச்சிருந்தேன்.”

“இப்ப சொல்லாதீங்க. இன்னொரு நாள் கேக்கறேன்.”

மாமியார் மருமகனைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை, சோறு போட்டாள். சாப்பிட்ட களைப்பில் பாயில் படுத்தவன், சாயந்திரம் வரை அடித்துப் போட்டது போலத் தூங்கினான். அப்படித் தூங்கி ரொம்ப நாளாகியிருந்தது. கிளம்பும்போது பூவிழி தெருமுனை வரை வந்தாள், கூட வரவில்லை.

அடுத்த வாரம் அவளாகவே ஆட்டோவில் மூலக்குளம் வந்து இறங்கினாள். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து, புளித்துப்போன மாவைக் கொட்டினாள். அவளும் அழவில்லை, அவனும் அழவில்லை. ராத்திரி தட்டை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“ஏங்க, கடைசில அந்தத் தும்பி செத்துட்டானா, பொழச்சானா?” என்றாள் பூவிழி. “பசங்க கேட்டுச்சுங்க, எனக்குச் சொல்லத் தெரியலை.”

சிகாமணி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். மழை பெய்தது ஞாபகம் இருந்தது, யாரோ ஓடினார்கள். “எனக்கும் தெரியல” என்றான்.

அவள் ரசத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.