கேட்டவுடன் அழுவார்

கோல் மேடர்ன் இதுவரை செத்த சாவுகளை வரிசையாகப் படுக்க வைத்தால், முதல் பிணம் லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும், கடைசிப் பிணம் டெக்சாஸ் எல்லையைத் தாண்டிக் காலை நீட்டிக்கொண்டிருக்கும். அவர் உடம்பில் பாய்ந்த குண்டுகளை உருக்கினால் இன்னொரு ரயில் பாதை போடலாம். கரடிகள் அவருக்கு ஒதுங்கி வழிவிடும். அவர் கன்னத்துத் தழும்பைப் பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்த குதிரை ஒன்று கனடாவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும், சினிமாவில் வேஷம் கேட்டு அவர் அனுப்பும் போட்டோவின் பின்பக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. செய்தவள் அவர் மகள் ட்வைலா. பதினாறு வயது. ஹெட்மாஸ்டரின் காரை விற்பனைக்கு என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, ‘விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து கதவைத் தட்டவும்’ என்றும் சேர்த்துவிட்டதால், பள்ளிக்கூடம் அவளை இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைத்திருந்தது. அதற்கு முன்பும் அவள் ஒழுங்காகப் போனதாகச் சொல்ல முடியாது. பாதி வருஷம் அப்பாவோடு ஷூட்டிங்குக்குப் போய்விடுவாள்.

வீட்டில் அவர் பெயர் வெர்ஜில் ஆஸ்ட்பி. வடக்கே டகோட்டாவில் கோதுமை வயலிலிருந்து பஸ் ஏறி வந்தவர். முதல் நாள் ஸ்டூடியோ வாசலில், “குதிரை ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டார்கள். இந்தத் தொழிலில் எதைக் கேட்டாலும் தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். நீச்சலா, தெரியும். கத்திச் சண்டையா, தெரியும். வெர்ஜிலும் தெரியும் என்றார். அவருக்கு டிராக்டர் மட்டும்தான் தெரியும். குதிரை பத்தடி போவதற்குள் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாக விழுந்தார். டைரக்டர் எழுந்து நின்று கை தட்டி, “இந்த மாதிரி விழற ஆளைத்தான் தேடிட்டிருந்தேன்” என்றாராம். அன்றைக்கு விழ ஆரம்பித்தவர், இருபத்துமூன்று வருஷமாக விழுந்துகொண்டிருந்தார்.

சினிமாவிலும் டிவியிலும் அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஒரே ஜாதி வேஷம். வங்கியைக் கொள்ளையடிக்கும் ஐந்து பேரில் மூன்றாவது ஆள். ஷெரீப்பை முதுகில் சுடப் போய், மதுக்கடைக் கண்ணாடியில் உருவம் தெரிந்து மாட்டிக்கொள்கிறவன். ஒரு தரம் கடற்கொள்ளைக்காரன். நாலடித் தண்ணீர்த் தொட்டியில் ஆடிய அட்டைக் கப்பலில் நிஜமாகவே வாந்தி எடுத்தார். ஒரே ஒரு தரம் நல்லவன், கோட்டையில் இரும்பு அடிக்கிறவன். நாலாவது நிமிஷம் அம்பு பாய்ந்தது. கன்னத்துத் தழும்பு கத்திச் சண்டையில் விழுந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அது பீன்ஸ் டப்பா மூடியின் வேலை என்பது வீட்டோடு இருந்த ரகசியம்.

ஆனால் ஒரு அயோக்கியனைப் போல இன்னொரு அயோக்கியன் செத்ததில்லை. இதை ட்வைலா யாரிடமும் சொன்னதில்லை, கவனித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வேஷத்துக்கும் முந்தின நாள் அடுப்படியில் நின்று, “இவன் காலையில என்ன தின்னிருப்பான்?” என்று யோசிப்பார். ஒருத்தன் சுடப்பட்டு விழும்போது தன் தொப்பியைச் சேற்றிலிருந்து நகர்த்திவிட்டுச் செத்தான். இன்னொருத்தன் சுட்டவனைப் பார்த்து லேசாக வெட்கப்பட்டான். மாடியிலிருந்து விழும் காட்சி ஒன்றில், கீழே நின்ற குழந்தை நடிகை பயந்து நகராமல் நின்றுவிட்டாள். அவளைத் தொடாமல் விழுவதற்காக நடுக்காற்றில் உடம்பைத் திருப்பி இரண்டு விலா எலும்பை உடைத்துக்கொண்டார். படத்தில் அது ரொம்ப நன்றாக வந்திருந்தது.

தொண்ணூற்று நான்கு சாவு. ‘முற்றும்’ என்று எழுத்து வரும்போது அவர் ஒரு தரம்கூட உயிரோடு இருந்ததில்லை.

அந்த ஜனவரியில் புதுப் போட்டோ எடுத்தார்கள். பின்பக்கம் நடித்த வேஷங்களும் தெரிந்த வித்தைகளும் அடிக்க வேண்டும். “உனக்குத்தான் வேலை வெட்டி இல்லையே, அடிச்சுக் குடு” என்றார் வெர்ஜில். “எதையாவது போடு. அதை எவன் திருப்பிப் பாக்கறான்?”

ட்வைலா போட்டாள். முதலில் அந்தக் குண்டுகள், கரடிகள், கனடாக் குதிரை. பிறகு வித்தைகள். குதிரைச் சவாரி. கயிறு வீசுதல். ஜன்னல் உடைத்து வெளியே பாய்தல், இடது பக்கமும் வலது பக்கமும். பதினாலு படி வரை உருளுதல். கடைசியில் ஒரு வரி இடம் மிச்சமிருந்தது. ‘கேட்டவுடன் அழுவார்’ என்று அடித்தாள்.

இதைவிடப் பெரிய பொய் அந்த ஊரில் அந்த வருஷம் யாரும் எழுதவில்லை. டகோட்டாவில் தன் தாய் செத்துப்போனதாகத் தந்தி வந்த அன்று வெர்ஜில் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கொல்லைக்குப் போய் சாயங்காலம் வரை விறகு பிளந்தார். குளிர்காலமே இல்லாத ஊர். அந்த விறகு இன்னும் அப்படியே கிடக்கிறது.

மார்ச் மாதம் போன் வந்தது. ட்வைலாதான் எடுத்தாள்.

“மேடர்ன் வீடா?”

“ஆமா. அவர் ஓநாயோட மல்லுக்கட்டிட்டு இருக்கார். நான் அவரோட காரியதரிசி.”

“விளையாடாத ட்வைலா, ஹாலரன் பேசறேன்.”

நடிகர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஆபீஸில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கும் மிஸ் ஹாலரன். ட்வைலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஒரு சரக்கு வண்டிக்காரன் வேஷம். பையன் செத்துடறான். அவன் கடைசியா எழுதின கடுதாசியைக் குழிமேட்டுல நின்னு படிச்சு அழணும். அழத் தெரிஞ்சவன் மூஞ்சியெல்லாம் வெண்ணெய் மாதிரி இருக்கு. முரட்டு மூஞ்சி எதுக்கும் அழ வரமாட்டேங்குது. உங்கப்பா அழுவார்னு இதுல போட்டிருக்கே, நிஜந்தானா? கண்ணுல மருந்து விட டைரக்டர் ஒத்துக்கமாட்டார். காய்ஞ்ச கண்ணுலேர்ந்து கேமரா முன்னாடியே தண்ணி வரணுமாம்.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடையாது. ட்வைலாவும் வாயைத் திறந்தாள்.

“அந்த வண்டிக்காரர் கடைசில செத்துடறாரா?”

“இல்லியே. கடைசி சீன்ல வண்டிய ஓட்டிட்டுப் போறார்.”

“அப்ப நிஜந்தான்,” என்றாள் ட்வைலா.

“பாத்துக்கோ. போன மாசம் நீச்சல் தெரியும்னு சொல்லி ஒருத்தன் என் மானத்தை ஆத்துல விட்டான். இன்னொரு தரம் பொய்யான ஆளை அனுப்பினேன்னா, அந்த ஆளுக்கு இந்த ஆபீஸ்லேருந்து ஜன்மத்துக்கும் போன் போகாது.”

வெர்ஜில் படத்தின் கதைத் தாள்களை வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பினார். விரலை வைத்துப் படித்தார். பிறகு மறுபடி படித்தார்.

“நூத்திப் பதினாலாம் பக்கம். உயிரோட இருக்கேன்டீ! ஹெஸ்டர், இங்க வந்து பாரு, இருக்கேன்!”

அம்மா ஹெஸ்டர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “இங்கயும் கொஞ்சம் இருங்க. குழாய் ஒழுகுது,” என்றாள். ஆனால் போகிற போக்கில் அவர் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

பிறகு அவர் எண்பதாம் பக்கத்துக்கு வந்தார். ‘அழுகிறான்’ என்று ஒற்றை வார்த்தை.

“கண்ணுல மருந்து விடுவாங்க,” என்றார்.

“மாட்டாங்களாம்ப்பா.”

வெர்ஜில் காகிதத்தைக் கீழே வைத்தார். “அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டாங்க?”

“உன் மூஞ்சிக்காக,” என்றாள் ட்வைலா, குழாயைப் பார்த்துக்கொண்டு.

அதற்கப்புறம் அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு கூடை வெங்காயத்தை நறுக்கக் கொடுத்தாள். விவசாயி மகன், விசிலடித்துக்கொண்டே நறுக்கி முடித்தார். ஒரு வாரம் வீட்டில் வெங்காய சூப். காலையில் பத்திரிகையிலிருந்து சாவுச் செய்திகளைக் குரல் நடுங்கப் படித்தாள். “யாரு, தொண்ணூத்தாறு வயசா? நல்லா வாழ்ந்திருக்கார். அந்த ரொட்டியை நகர்த்து,” என்றார். கடைசியில் துணிந்து, பக்கத்து வீட்டு ப்ரூவிட்டின் கிழட்டு நாய் செத்துப்போனதாகச் சொன்னாள். அந்த நாய் என்றால் வெர்ஜிலுக்கு உயிர். அழவில்லை. ஹெஸ்டர் ராத்திரிக்குச் செய்து வைத்திருந்த இறைச்சி ரொட்டியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு மேல் ப்ரூவிட்டின் தலை தெரிந்தது. குதிரை பழக்குகிறவர், குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். “அடியே ட்வைலா! செத்துப்போன என் நாய் உங்கப்பன் கொண்டுவந்த துக்கச் சோத்தைத் தின்னுட்டு ஏப்பம் விடுது! இன்னொரு தட்டு இருந்தா நாளைக்கும் சாகச் சொல்றேன்!”

ஷூட்டிங் சாட்ஸ்வொர்த் பாறைகளில். இருபது வருஷத்தில் வெர்ஜில் செத்து விழாத பாறை அங்கே குறைவு. காலை வெயிலில் குழிமேடு தயாராக இருந்தது. டைரக்டர் க்ரோவர், பென்சிலை மென்றுகொண்டே பேசும் ஒல்லி மனிதர். கேமராவைக் கிட்டத்தில் வைத்தார்.

வெர்ஜில் கடிதத்தைப் பிரித்தார். படித்தார். முகம் சாத்திய கதவு மாதிரி இருந்தது.

“கட். இன்னொண்ணு.”

இரண்டாவது தரமும் கதவு திறக்கவில்லை. படத்துக்கு வேண்டிய சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஆஸி, ட்வைலா பக்கம் குனிந்து, “அந்தக் கடுதாசில என் வீட்டுச் சாமான் பட்டியல்தான் எழுதியிருக்கேன். ரெண்டு டஜன் முட்டையைப் படிச்சு எவனுக்கு அழுகை வரும்?” என்றான். சினிமாவில் எந்தக் கடிதத்திலும் அப்படித்தான் எதையாவது கிறுக்கி வைப்பார்கள்.

க்ரோவர் ஒரு போட்டோவைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார். அது எந்தப் போட்டோ என்று ட்வைலாவுக்குத் தெரிந்தது.

“மேடர்ன், இதுல ‘கேட்டவுடன் அழுவார்’னு போட்டிருக்கு. நானும் ரெண்டு தரம் கேட்டுட்டேன். இது யார் எழுதினது?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்ஜில் அதை வாங்கிப் பார்த்தார். அந்த வரியை அவர் முதல் தடவையாக அப்போதுதான் படிக்கிறார் என்பது அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும். ‘என் மகள் விளையாட்டாக எழுதிவிட்டாள்’ என்று சொன்னால் போதும், அவர் தப்பித்துவிடலாம்.

“நான்தான் சார்,” என்றார். “என் போட்டோதான். கொஞ்சம் டைம் குடுங்க.”

ட்வைலா இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அவள் ஆஸியின் காதிலிருந்த பென்சிலையும், அவன் பெட்டியிலிருந்த பழுப்புக் காகிதம் ஒன்றையும் உருவிக்கொண்டு குதிரை லாரிக்குப் பின்னால் போனாள். படியில் உட்கார்ந்து எழுதினாள். இரண்டு எழுத்துப் பிழைகளை அடித்துத் திருத்தினாள், மூன்றாவதை விட்டுவிட்டாள். சிரிப்பு வரும் மாதிரி ஒரு வரிகூட இல்லாமல் அவள் எதையும் எழுதியது அதுவே முதல் தடவை. திரும்பி வந்து காகிதத்தைக் கடித உறைக்குள் திணித்து ஆஸியிடம் கொடுத்தாள். “இதை வை. முட்டை வேண்டாம்.”

மூன்றாவது டேக்.

வெர்ஜில் பிரித்தார். இரண்டு வரி படித்ததும் கண் நின்றது. திரும்ப மேலே போய் முதலிலிருந்து படித்தார். கடிதத்தை மடிக்கப் பார்த்தார், மடிப்பு சரியாக வரவில்லை, மறுபடி மடித்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி கோட்டுப் பையைத் தொட்டார், பிறகு சட்டைக்குள் வைத்தார். க்ரோவரின் கை ‘கட்’ சொல்ல மேலே போய்விட்டது. அப்போதுதான் தழும்பு இருந்த கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. வெர்ஜில் அதைத் துடைக்கவில்லை. எதிரே பாறைக்கு அப்பால் யாரோ நிற்பதுபோல் பார்த்துத் தலையை ஒரு தரம் ஆட்டினார்.

க்ரோவரின் கை அப்படியே நின்றது. வாயிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டு, “கட்,” என்றார் மெதுவாக. “மேடர்ன், நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க. வண்டிய ஓட்டிட்டுப் போற சீன் எடுத்துடலாம்.”

ஆஸி மூக்கைச் சிந்தினான். ட்வைலாவுக்குக் கண்ணில் தூசி. சாட்ஸ்வொர்த்தில் எப்போதும் தூசிதான்.

மத்தியானம் வீட்டுக்குக் காரில் திரும்பினார்கள். போட்டோவில் இருந்த அந்த வரியைப் பற்றி அவர் கேட்பார் என்று ட்வைலா மூன்று பதில் தயாராக வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. எலுமிச்சைத் தோப்பு தாண்டியதும், “பாவம், நல்ல பையன்,” என்றார்.

“எந்தப் பையன்?”

“படத்துல என் பையன். கடுதாசி எழுதினானே.”

“ஓ. ஆஸிதான் எதையோ கிறுக்கிக் குடுத்தான்.”

“அப்படியா? ஆஸி நல்லா எழுதறானே.” ஒரு கையால் சட்டைக்குள்ளிருந்து அந்தப் பழுப்புக் காகிதத்தை எடுத்து ஸ்டியரிங்மேல் வைத்து நீவினார். “ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பையன் செத்தது ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தி ஆறுல.”

“ஆமா.”

“‘வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீ செத்துப்போறதை டிவில பாத்துட்டு, எந்திரிச்சுப் போய் வாசல்ல உன் பூட்ஸ் இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் தூங்குவேன்’னு எழுதியிருக்கானே. அவனுக்கு டிவி எங்கேருந்துடீ வந்துது?”

ட்வைலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா,” என்றாள்.